ஏரல் தாத்தாவும் என் மூன்று அதிகாரமும்

அன்புள்ள மக்கா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கடையை அடைத்து வீட்டுக்கு வரவே ராத்திரி பத்தாகிறது, ஜெபிக்கக்கூட நேரமில்லை என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் எழுதியது முழுக்க உனக்குப் புத்தி சொல்வதாக இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

என் நாள் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். மும்பை லோக்கல் ரயிலில் டோம்பிவிலியில் ஏறி தாதரில் இறங்கி, சாயங்காலம் அதே கூட்டத்தில் திரும்பி, நடையும் காத்திருப்பும் சேர்த்தால் மூன்று மணி நேரம். காலை ஃபாஸ்ட் லோக்கலில் புத்தகம் விரிக்க இடமிருக்காது. அதனால் போன வருஷம் ஜனவரியில் ஆடியோ பைபிளைக் காதில் மாட்டிக்கொண்டேன். மொத்தம் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று கேட்டால் ஒரு வருஷத்தில் முடியும். முடித்தேன். 'காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று பவுல் எபேசியருக்கு எழுதினாரே, அதை அப்படியே செய்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் கட்டிடத்தில் கீழ் வீட்டில் தூத்துக்குடிப் பக்கம் ஏரலைச் சேர்ந்த தாத்தா ஒருவர், சர்க்கரையால் பார்வை மங்கி, வேதம் வாசிக்க முடியாமல் இருந்திருக்கிறார். அவர் வாசலைத் தாண்டித்தான் தினமும் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். "தம்பி, ஒரு நிமிஷம்" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். காதில் இருந்ததைக் கழற்றாமலே, அப்புறம் வருகிறேன் தாத்தா என்று கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டச் சொல்லத்தான் கூப்பிட்டாராம், அவர் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை மக்கா.

அந்த எபேசியர் வசனத்தைப் பற்றி எங்கள் போதகரிடம் கேட்டேன். 'பிரயோஜனப்படுத்துவது' என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது, சந்தையில் விலை கொடுத்து மீட்பதைச் சொல்கிற சொல்லாம். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறதே, அங்கேயும் அதே சொல்தான். 'காலம்' என்பதும் கைரோஸ், அதாவது நம் முன்னால் வந்து நிற்கிற தருணம். ரயிலில் எப்படியும் கழியப்போகிற நேரத்தில் கேட்டதற்கு நான் என்ன விலை கொடுத்தேன்? ஒரு லோக்கலை விட்டுவிட்டு அந்த வாசலில் நின்றிருந்தால், அது விலை.

கேட்டது வீண் என்று சொல்லவில்லை, மாற்கு சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரம் மனதில் நின்றதே அதனால்தான். ஜெபஆலயத் தலைவன் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அவளுக்கு 12 வயது. அவ்வளவு அவசரமாகப் போகிற வழியில், 12 வருஷம் பெரும்பாட்டால், அதாவது நிற்காத உதிரப்போக்கால், கஷ்டப்பட்ட ஒருத்தி தம் வஸ்திரத்தைத் தொட்டதற்காக ஆண்டவர் இயேசு நிற்கிறார், யார் தொட்டது என்று கேட்கிறார், அவள் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பெண் இறந்துபோன செய்தி வந்துவிடுகிறது. பக்கத்தில் நின்ற தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அவர் அந்த ஸ்திரீயை அவசரப்படுத்தவில்லை, சிறுபிள்ளையையும் எழுப்பினார்.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்குத் தாத்தாவிடம் போகிறேன். போனில் போட்டுக் கேட்கலாமே என்று நீ நினைக்கலாம். மகள் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள், அவருக்கு நடுவில் நிறுத்திப் பேச ஒரு ஆள் வேண்டும். நேற்று 103-ஆம் சங்கீதத்தில் 'மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பாயிருக்கிறது' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஆற்றங்கரையில் அவருடைய அப்பா மாட்டுக்குப் புல் அறுத்ததிலிருந்து ஆரம்பித்தார். மணி பத்தேகால். சங்கீதம் முடியவில்லை, மிச்சம் இன்றைக்கு.

உன் அம்மா கடையின் பின்கட்டில் தனியாகச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாயே, மதியம் ஒரு அரைமணி நேரம் ஷட்டரை இறக்கிவிட்டு அவர்களோடு உட்கார முடியுமா என்று பார். கிறிஸ்மஸுக்கு நாகர்கோவில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
உன் மக்கா