கரண்டியும் கணக்கும் ஒரே வகுப்பில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்கல்வி பற்றிய தங்கள் கட்டுரையில், சமையல் கலையையும் உணவுத் தொழில் மேலாண்மையையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டப்படிப்புக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் வெள்ளைத் தொப்பி, வெளிநாட்டு வேலை, தொலைக்காட்சிப் புகழ் என்று எழுதியவர், மாணவர்கள் மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே என்னதான் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. உணவகங்களுக்குச் சரக்கு கொள்முதல் செய்யும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். இந்தப் பட்டத்தோடு வரும் இளைஞர்களுடன் தினமும் பழகுபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

'சமைக்கக் கற்க எதற்குப் பல்கலைக்கழகம்?' என்று கேட்கும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் விடுதி (ஹோட்டல்) நிர்வாகப் பள்ளி தொடங்கியது 1893-இல். பாரிஸில் லெ கோர்தோன் ப்ளூ சமையல் பள்ளி 1895-இல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-லேயே விடுதி நிர்வாகத்தைப் பாடமாக்கியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1946-இல் அமெரிக்காவில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கலினரி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா. ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் 2011-இல் பல்கலைக்கழகப் பட்டத்துக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது.

இந்த வரலாற்றிலேயே ஒரு பிளவு இருப்பதைக் கவனியுங்கள். நடத்துவதற்கு ஒரு பள்ளி, சமைப்பதற்கு ஒரு பள்ளி என்று தனித்தனியாக வளர்ந்தவை பின்னாளில் ஒரே பட்டத்துக்குள் வந்தன. சான்றிதழில் இரண்டு பெயரும் சேர்ந்துவிட்டன. பாடத்திட்டத்தில் பல இடங்களில் இன்னும் சேரவில்லை. என் ஆதங்கமே இதுதான்.

காலையில் வகுப்பறையில் செலவுக் கணக்கு நடக்கும். பலகையில் ஒரு ரெசிபி, பக்கத்தில் விலை, கடைசியில் விற்பனை விலையில் பொருள் செலவு எத்தனை விழுக்காடு என்ற கணக்கு. மதியம் செய்முறைக் கூடத்தில் ஸ்டோர் கதவு திறக்கும், கேட்டதெல்லாம் கிடைக்கும். வெட்டியதில் பாதி குப்பைக்கூடைக்குப் போனாலும் தட்டில் வைத்தது அழகாக இருந்தால் மதிப்பெண் வந்துவிடும். காலையில் படித்த கணக்குக்கும் மதியம் பிடித்த கத்திக்கும் தொடர்பு இருப்பதை யாரும் அந்த மாணவருக்குக் காட்டுவதில்லை.

தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு மீனை எடுத்துக்கொள்ளலாம். முழு மீன் கிலோ 100 என்ற விலைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். தலை, குடல், முள், தோல் எல்லாம் போகத் தேறியது 45 விழுக்காடு என்றால், சமையலுக்குப் போகும் சதையின் விலை கிலோ 222. அதே மீனைக் கைதேர்ந்தவர் அறுத்து 50 விழுக்காடு தேற்றினால் 200. கிலோவுக்கு 22 மிச்சப்பட்டது பேரம் பேசியதாலா? இல்லை. கத்தி எலும்பை ஒட்டிப் போனதால். இதை மாணவர் தன் கையால் அறுத்து, தானே எடை போட்டு, தானே வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பிற்பகல் போதும். அதன் பிறகு அவர் ரெசிபியைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

உறைந்த மீனின் மேல் காய்ந்து போகாமலிருக்க மெல்லிய பனிப்பூச்சு கொடுத்திருப்பார்கள். பெட்டியில் 10 கிலோ என்று இருந்தால் அது பனியோடு சேர்த்தா, பனி நீங்கலாகவா என்று பார்த்தாக வேண்டும். குளிர்ந்த நீரில் பூச்சு கரையும் அளவுக்கு மட்டும் அலசி, வடித்து, எடை போட்டால் உண்மை தெரியும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பட்டதாரிப் பெண், இதை முதன்முறை செய்து பார்த்துவிட்டு, அன்று வந்த எல்லாப் பெட்டிகளின் விலைப்பட்டியலையும் கேட்டு வாங்கி உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்டோர் வாசலைக் காட்டாமலேயே பட்டம் கொடுத்து அனுப்புகிறோமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

விழுக்காட்டை மட்டும் மனப்பாடம் செய்து வருபவர்களால் வரும் சங்கடம் இன்னொரு வகை. மெனுவில் ஒரு பதார்த்தம் 100-க்கு விற்கிறது, பொருள் செலவு 30. இன்னொன்று 200-க்கு விற்கிறது, பொருள் செலவு 80. முதலாவதற்கு 30 விழுக்காடு, இரண்டாவதற்கு 40. 'செலவு விழுக்காடு அதிகம், இரண்டாவதைத் தூக்கிவிடலாம்' என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் முதலாவது விட்டுச்செல்வது 70, இரண்டாவது 120. வாடகையும் சம்பளமும் விழுக்காட்டிலா கட்ட முடியும்? காசாகத்தான் கட்ட வேண்டும். எது எவ்வளவு விற்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு விட்டுச்செல்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையை மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. அடுப்பில் நிற்கும் ஆள் எண்ணிக்கை, ஒரு தட்டுக்கு ஆகும் நிமிடங்கள் ஆகியவற்றோடு சேர்த்து அதைக் கற்பிக்கும் இடங்கள்தான் குறைவு. 120 விட்டுச்செல்லும் பதார்த்தம் கூட்ட நேரத்தில் ஒரு அடுப்பை இருபது நிமிடம் பிடித்துக்கொண்டால் கணக்கு மறுபடி மாறும். அதைச் சமைத்துப் பார்த்தவருக்குத்தான் சொல்ல வரும்.

உணவுப் பாதுகாப்புப் பாடத்துக்கும் இது பொருந்தும். விண்வெளி வீரர்களுக்கான உணவுக்காக 1960-களில் பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய ஹெச்ஏசிசிபி (உணவில் ஆபத்து எங்கெங்கே வரலாம் என்று கண்டு முன்கூட்டியே தடுக்கும்) முறையின் ஏழு கொள்கைகளை மாணவர்கள் மளமளவென்று ஒப்பிப்பார்கள். கொதிக்கும் ஸ்டாக் (எலும்பும் காயும் வேகவைத்து எடுக்கும் சாறு) பானையை ஆறவைக்கச் சொன்னால் அப்படியே குளிர் அறைக்குள் தள்ளிவிடுவார்கள். கொதித்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் உண்டு. ஆழமான பானையின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் அவை முளைத்துப் பெருகும். 60 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்ற வேண்டும், அல்லது பானையை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளற வேண்டும். அரை மணி நேரக் கூடுதல் வேலை. செய்யாவிட்டால் நோய் வரலாம். முழுப் பானையையும் கொட்ட வேண்டி வரலாம். பக்கத்திலிருக்கும் பொருள்களும் சூடேறிக் கெடலாம். சுகாதாரம், செலவு, சமையல் மூன்றும் அந்த ஒரு பானைக்குள் இருக்கின்றன. மூன்று ஆசிரியர்கள் மூன்று நாளில் எடுத்தால் மாணவர் எப்படிச் சேர்த்துப் பார்ப்பார்?

செலவு ஒரு பெரிய தடைதான் என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். செய்முறைக் கூடம் நடத்துவது எளிதல்ல. ஆனால் நான் கேட்பதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் மாணவர் எடுத்த பொருளுக்கு அவர் பெயரில் ஒரு பில் போடுங்கள். வீணானதை எடை போட்டு அதில் எழுதுங்கள். சுவைக்கும் அழகுக்கும் கொடுக்கும் மதிப்பெண்ணோடு அந்த பில்லுக்கும் மதிப்பெண் கொடுங்கள். இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பும்போது ஆறு மாதமும் காய் நறுக்க விடாமல், சில வாரங்களாவது சரக்கு இறங்கும் வாசலிலும் ஸ்டோரிலும் நிறுத்தச் சொல்லி உணவகங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். தரக்கூடிய உணவகங்கள் இருக்கின்றன, கேட்கத்தான் ஆளில்லை.

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தங்கள் இதழ் வழியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். கல்லூரியைப் பார்க்கப் போனால் பளபளக்கும் அடுப்புகளைக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டோரைக் காட்டச் சொல்லுங்கள். தராசு இருக்கிறதா, அதை மாணவர்கள் தொடுகிறார்களா, கடைசியாக நடந்த செய்முறை வகுப்பின் செலவுத்தாள் யார் கையெழுத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மாணவர் கையெழுத்தில் இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
உணவகக் கொள்முதல் பிரிவில் பணியாற்றும் வாசகர்