லொறி முதலாளிமாருக்கு ஒரு மெக்கானிக்கின் மடல்

யாழ்ப்பாணத்தில் லொறி ஓடவிடும் முதலாளிமாருக்கு, வணக்கம்.

புகைக்குழாயில் இருக்கும் டிபிடி என்ற கரி வடிகட்டியைப் பற்றி போன மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என் கராஜுக்கு வந்தீர்கள்: "டிபிடியை வெட்டி எடுக்க எவ்வளவு?" மூன்றுமே ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் லொறிகள். வெட்ட மாட்டேன் என்றதும் ஒருவர் வேறு கராஜுக்குப் போய்விட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

அந்த வடிகட்டியின் வேலையே கரியைப் பிடித்து வைப்பதுதான். கண்டி வீதியில் நிற்காமல் வவுனியா வரை ஓடினால் அந்தச் சூட்டிலேயே கரியில் பெரும்பகுதி எரிந்துபோகும். திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகத்துக்கும் வெங்காயம் ஏற்றி நின்று நின்று ஓடும் லொறிக்கு அந்தச் சூடு வராது. கரி சேர்ந்து, டாஷ்போர்டில் டிபிடி லைட் மினுங்கும். டிரைவர் லொறியை நிறுத்தி, பட்டனை அமத்தி, இருபது நிமிஷம் போல எஞ்சினை ஓடவிட வேண்டும். உள்ளே 600 பாகை அளவில் கரி எரியும். (பனையோலை வேலியோரம் மட்டும் நிறுத்த வேண்டாம்.)

ஆனால் பொடியன் என்ன செய்வான்? "சும்மா நிண்டு டீசல் எரிக்கிறியோ" என்று நீங்கள் போனில் ஏசுவீர்கள். பாதியில் நிறுத்திவிட்டு வெளிக்கிடுவான். இப்படியே போனால், கரி எரிக்க விட்ட டீசல் சிலிண்டரால் வழிந்து ஒயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஒயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

வெட்டினால் லைட் எரியாது, சரி. இன்ஜெக்டர் ஒழுகுவதையும் டர்போ ஒயில் விடுவதையும் பிறகு எந்த லைட் அடிக்கடி மினுங்கிச் சொல்லும்? புகைப் பரிசோதனையில் பாஸ் என்பதை நம்பாதீர்கள், அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். எஞ்சின் ஆறிய பிறகு புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருந்தால் விரல் கறுக்காது.

கரி எரியும், சாம்பல் எரியாது. அதைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். உள்ளே செரமிக், பிரஷர் தண்ணீர் அடித்தால் உடையலாம். ஒயில் போத்தலில் டிஎச்-2 என்று இருக்கிறதா பாருங்கள், அதில் சாம்பல் குறைவு. கட்டுப்படியானால் சூப்பர் டீசல் அடியுங்கள், கந்தகம் குறைவு.

புகையின் நஞ்சைக் குறைக்க ஆட்புளூ என்ற யூரியாத் திரவம் ஊற்றும் லொறிக்காரருக்கும் ஒன்று. தோட்டத்து யூரியாவை வாளியில் கரைத்து ஊற்றியவரை இந்தக் கண்ணால் கண்டேன். ஆட்புளூவில் யூரியா 32.5 சதவீதம், மிச்சம் உப்பே இல்லாத தண்ணீர். நம் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும். அந்த லொறியில் ஆட்புளூ தெளிக்கும் ஊசி முனையிலும் அதே வெள்ளைப் படைதான்.

டிரைவருக்கு அந்த இருபது நிமிஷத்தை விடுங்கள். 300 கிலோமீட்டருக்கு ஒருதரம் மினுங்கிய லைட் இப்போது 80க்கே மினுங்குகிறதென்றால் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன். வரும்போது கடைசி மூன்று தரமும் எந்தக் கிலோமீட்டரில் மினுங்கியது என்று ஒரு துண்டில் எழுதி வாருங்கள்.

இப்படிக்கு,
கராஜ் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்