தவணை முடிவுக் கடிதம்: பெற்றோரின் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஈஸ்டர் விடுமுறைக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை வகுப்புகளும் நல்லபடியாக நிறைவெய்தின. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. எழுத்துப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் எங்கள் பிள்ளைகள் பல பரிசுகள் பெற்றார்கள். உள்ளக விளையாட்டுப் போட்டியில் எல்லா இல்லங்களும் உற்சாகமாகப் பங்குபற்றின. பாலர் வகுப்புக்குப் புதிய பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள். புள்ளிகளை வகுப்பாசிரியர்களிடம் கேட்டறியலாம்.

அடுத்தது, இரண்டாம் உலகப் போரில் நோர்வேயைப் பிடித்திருந்த யேர்மனியருக்கு எதிராக நாசவேலையில் ஈடுபட்ட நோர்வேஜியர் ஒருவரைப் பற்றிய 'மக்ஸ் மானுஸ்' திரைப்படம்.

8ஆம் வகுப்பிலிருந்து 10ஆம் வகுப்பு வரையான மாணவர்களுக்கு இப்படத்தைக் காட்டப்போவதாக இரண்டு வாரம் முன்னரே அறிவித்திருந்தோம். மதியம் 1 மணிக்குப் படம், 3 மணிக்குக் கலந்துரையாடல், 3.30க்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்று அதில் இருந்தது. 2 மணியிலிருந்தே மண்டபக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒருவருக்குப் பிறந்தநாள் விழா, இன்னொருவருக்குச் சாமத்திய வீடு, வேறொருவருக்குக் கால்பந்துப் பயிற்சி. சனிக்கிழமை மாலைகளில் ஒஸ்லோவில் எத்தனை மண்டபங்களில் எங்கள் கொண்டாட்டங்கள் நடக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் 3 மணிக்கு விளக்கைப் போட்டபோது கதிரைகளில் ஏறக்குறைய பாதி வெறுமையாக இருந்தன. படம் தொடங்கும்போது பின்வரிசையிலோ 3ஆம், 4ஆம் வகுப்புத் தம்பி தங்கச்சிமார் இருந்தார்கள். பெற்றோர் சிற்றுண்டிப் பக்கம் தேநீர் குடிக்கும் நேரத்துக்கு அவர்களை இங்கே இருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பாதிப் படம் பார்ப்பதில் என்ன பிழை என்று சிலர் கேட்டீர்கள். இந்தப் படத்தில் அது பெரிய பிழை. முதற்பாதியில் சாகசம்தான் கூட. பின்லாந்துப் பனியில் சண்டை, ஒஸ்லோவில் இரகசியப் பத்திரிகை அச்சடிப்பு, 1941 சனவரியில் பொலிஸ் பிடித்ததும் மக்ஸ் மானுஸ் யன்னலால் பாய்வது, காயத்தோடு உல்லவோல் மருத்துவமனையில் காவலில் கிடந்து அங்கிருந்தும் தப்புவது. எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறந்த அதே உல்லவோல்தான். பிறகு ஸ்கொட்லாந்தில், பிரித்தானியர் அமைத்த நோர்வேஜிய நாசவேலைப் படையான கம்பனி லிங்கேயின் பயிற்சி, பரசூட்டில் இறங்குதல், ஒஸ்லோத் துறைமுகத்தில் சிறு படகில் போய்க் கப்பல்களின் அடியில் காந்தக் குண்டு ஒட்டுதல். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட விறுவிறுப்பான வரலாற்றுப் பாடம் கிடைக்காது.

இரண்டாம் பாதியில்தான் கணக்கு வருகிறது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக இல்லாமற் போகிறார்கள். மக்ஸின் நெருங்கிய நண்பர் கிரேகெர்ஸ் கிராம் 1944 நவம்பர் 13 அன்று, குருனர்லோக்காவில் ஓலாஃப் ரியஸ் பிளாஸ் அருகே ஒரு தேநீர்க்கடையில், பொறிவைத்துக் காத்திருந்த யேர்மன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 26. உயிரோடு எஞ்சிய மக்ஸ் நித்திரையில்லாமல், குடியோடு, குற்ற உணர்வோடு அலைவதையும் படம் மறைக்கவில்லை. வெற்றி நாளில்கூட அவர் முகத்தில் வெற்றி இல்லை. அதை எடுத்தவர்களின் நேர்மை அந்தப் பாதியில்தான் இருக்கிறது. 2 மணிக்கு எழும்பிப் போன பிள்ளை கையில் கொண்டுபோனது காந்தக் குண்டு மட்டும்.

அதன் விளைவை அடுத்த சனிக்கிழமை பார்த்தோம். வாகனத் தரிப்பிடத்தில் சில வாகனங்களின் பின்புறத்தில் குளிர்சாதனப் பெட்டிக் காந்தங்கள் ஒட்டியிருந்தன. அதைச் சிரிப்போடு விட்டுவிடலாம். ஆனால் இரண்டாம் மாடி நடைபாதையில், தீயணைப்புக் குழாய் இருக்கும் இரும்புப் பெட்டியின் கீழ்ப்பக்கம், ஒரு சாப்பாட்டுப் பெட்டி காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே, முட்டை அவிக்கும்போது திருகி வைக்கும் சமையலறை மணி. டிக் டிக் என்ற சத்தத்தை முதலில் கேட்டவர் கட்டடப் பராமரிப்பாளர். மூடி ஒளி ஊடுபுகும் பிளாஸ்டிக்காக இருந்ததால் உள்ளே என்ன என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்திராவிட்டால் கட்டடம் முழுவதையும் வெறுமையாக்கி, பொலிஸை அழைத்திருப்பார். அப்படிச் செய்திருந்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. இதற்கிடையில் அதை ஒரு மாணவர் கைத்தொலைபேசியில் படமெடுத்து நண்பர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்.

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2011 யூலை 22 அன்று இந்த நகரின் அரசாங்கக் கட்டடத் தொகுதியில் குண்டு வெடித்தது. அன்று அங்கும் உத்தோயாத் தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பலர் இளம் வயதினர். அதன் பின்னர் ஒஸ்லோவில் கடிகாரச் சத்தம் கேட்கும் பெட்டி யாருக்கும் விளையாட்டுப் பொருளல்ல. அதை வைத்த பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்கலாம். அப்போது எங்கள் மாணவர்களில் பலர் பிறக்கவே இல்லை, மற்றவர்கள் சின்னக் குழந்தைகள். பெற்றோராகிய உங்களுக்குத் தெரியும். இனி இப்படி ஒன்று நடந்தால், சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெற்றோர் அந்த மணித்தியாலத்திலேயே அழைக்கப்படுவார்கள். கட்டட நிர்வாகத்துக்கு நாங்கள் எழுத்தில் விளக்கம் கொடுப்போம், அதில் பெயரை மறைக்க முடியாது. இந்தக் கட்டடம் எங்களுடையதல்ல, வாடகைக்கு எடுத்தது. ஒப்பந்தம் போனால் அடுத்த சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பில்லை. காந்தம், மணி, கடிகாரம் எதுவும் புத்தகப்பையில் வரக்கூடாது. படக்காட்சி நேரத்தில் கைத்தொலைபேசிகள் வாசலில் உள்ள பெட்டியில் இருக்கும்.

"தமிழ்ப் பாடசாலையில் ஏன் நோர்வேயின் போர்ப்படம்?" என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பிள்ளைகள் நோர்வேஜியப் பாடசாலையில் யேர்மனி நோர்வேக்குள் படையெடுத்த 1940 ஏப்ரல் 9 பற்றிப் படிக்கிறார்கள், நாடு விடுதலையான 1945 மே 8 பற்றிப் படிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி அப்பா அம்மாவோடு பேச அவர்களிடம் தமிழ்ச் சொல் இல்லை. உங்களில் பலர் இங்கே படித்தவர்களல்ல, ஆகவே உங்களிடம் அந்த வரலாறு இல்லை. அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பாடம். எங்களில் பலருக்குப் போரைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்பதும் தெரியும். எங்கள் போரைப் பற்றிப் பிள்ளை கேட்டால், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. வகுப்பில் ஆசிரியர் நோர்வே வரலாற்றோடு நிற்பார்.

பாதியில் போனவர்களும் கலந்துரையாடலைத் தவறவிட்டவர்களும் வீட்டில் இப்படத்தைக் கட்டாயம் முழுமையாகப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஒரே இருப்பில் பாருங்கள். பிரித்துப் பார்ப்பதென்றால் அடுத்த நாளே மிச்சத்தை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பாதிக் கதைதான். இடையிடையே யேர்மன் மொழி வருவதால் எழுத்து வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நோர்வேஜியம் வேகமாகப் போகும் இடங்களில் உங்களுக்கும் அது உதவும். துப்பாக்கிச் சத்தம் தொடக்கத்திலேயே வருகிறது, ஆகவே ஒலியை முதலே குறைத்து வையுங்கள். வீட்டில் அப்பப்பா, அம்மம்மா இருந்தால் என்ன படம் ஓடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பொலிஸ் வீடு புகுவதும் விசாரணையும் திடீரென்று அடுத்த அறையில் கேட்டால் அவர்களுக்கு அது படமாக இருக்காது. தம்பி தங்கச்சிமார் நித்திரைக்குப் போன பிறகு பாருங்கள்.

பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளில் இரண்டுக்கு விடை தெரிந்திருப்பது நல்லது.

ஒன்று, டொனாவ் என்ற கப்பல். 1945 சனவரி 16 அன்று மக்ஸ் மானுஸும் ரொய் நீல்சனும் வேலையாட்களின் உடையில் துறைமுகத்துக்குள் போய், இறங்குதுறைக்கு அடியிலிருந்து இறப்பர்ப் படகில் கப்பலை நெருங்கி, பத்துக் குண்டுகளை நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே ஒட்டினார்கள். திறந்த கடலில் வெடிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். கப்பல் புறப்படப் பிந்தியது, நேரக்கணக்கு பிழைத்தது. கப்பல் ஒஸ்லோவுக்குத் தெற்கே உள்ள துரோபாக் ஊரை நெருங்கும்போதே, குறுகிய கடற்காலுக்குள் குண்டுகள் வெடித்தன. அதனால் கப்பலின் தலைவரால் அதைக் கரையில் ஏற்ற முடிந்தது. பிள்ளைகள் இந்தச் செயலைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே டொனாவ், 1942 நவம்பர் 26 அன்று, ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோர்வே யூதர்களை இதே துறைமுகத்திலிருந்து ஏற்றிச் சென்ற கப்பல். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாசிகளின் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து திரும்பவில்லை. அன்று விடியற்காலையில் வீடு வீடாகப் போய் அவர்களைப் பிடித்தவர்கள் நோர்வேஜியப் பொலிஸார், அதற்குப் பயன்பட்ட வாகனங்களில் நகரின் ராக்சிகளும் உண்டு. படத்தில் மட்டும் டொனாவைப் பார்த்த பிள்ளைக்கு இதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி கடினமானது: இப்படிச் செய்ததால் வேறு ஆட்கள் சாகவில்லையா? செத்தார்கள். பேர்கன் நகருக்கு அருகே தெலவோக் என்ற கரையோரக் கிராமத்தில் 1942 ஏப்ரலில் எதிர்ப்பியக்கத்தினரோடு நடந்த சண்டையில் நாசிகளின் இரகசியப் பொலிஸான கெஸ்டபோவின் இரண்டு அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாகக் கிராமம் முழுவதும் அழிக்கப்பட்டது. அதனோடு தொடர்பே இல்லாத 18 கைதிகள் ஒஸ்லோவுக்கு வடக்கே ட்ராண்டும் காட்டில் சுடப்பட்டார்கள். ஊர் ஆண்கள் 72 பேர் யேர்மனியில் இருந்த சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, 31 பேர் அங்கே இறந்தார்கள். நாசவேலையில் ஈடுபட்டவர்கள் இது தெரிந்தே இறங்கினார்கள், தங்களுக்குள் வாதிட்டுக்கொண்டும் இருந்தார்கள். சரியா பிழையா என்று ஒரே வரியில் பிள்ளைக்கு முடித்துவிடாதீர்கள். கேள்வி கேட்ட பிள்ளை நன்றாகப் படம் பார்த்திருக்கிறது.

குண்டில்லாத எதிர்ப்பைப் பற்றியும் கலந்துரையாடலில் பேசினோம். தலைமையாசிரியர் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு. 1942 பெப்ரவரியில், யேர்மனியரோடு ஒத்துழைத்த நோர்வேஜியரான குவிஸ்லிங்கின் அரசு ஆசிரியர் எல்லோரையும் தன் கட்சி நடத்தும் சங்கத்தில் கட்டாயம் சேரச் சொன்னது. நாட்டின் ஏறக்குறைய 14,000 ஆசிரியர்களில் பெரும்பாலானோர் ஒரே வாசகத்தில் மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள். விறகில்லை என்று காரணம் சொல்லி அரசு பாடசாலைகளை மூடியது. விறகு தருகிறோம் என்று மக்கள் முன்வந்தார்கள். மார்ச்சில் ஏறக்குறைய 1,100 ஆசிரியர்களைக் கைது செய்து, அவர்களில் பலரை வடகோடியில் உள்ள சிர்க்கெனஸுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். ஆனாலும் சங்கம் எழும்பவில்லை, ஆசிரியர்கள் வருடம் முடிவதற்குள் வீடு திரும்பினார்கள். அந்த வாரங்களில் பெற்றோரிடமிருந்து அரசுக்குப் போன கண்டனக் கடிதங்கள் சுமார் 2 இலட்சம். இந்தக் கடிதத்தின் கீழுள்ள ஒப்புதல் துண்டைக் கையெழுத்திட்டு அனுப்பினாலே எனக்குப் போதும்.

அந்தத் துண்டு எதற்கென்றால், மே மாதத்தில் 8ஆம் வகுப்புக்கு மேற்பட்டவர்களை அக்கர்ஸ்ஹூஸ் கோட்டையில் உள்ள எதிர்ப்பியக்க அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச் செல்லவுள்ளோம். உள்ளே இடம் ஒடுக்கம், ஆகவே சிறு குழுக்களாகப் போவோம். பிறகு கோட்டைக்குக் கீழே கடற்கரைப் பக்கம் இறங்கி, யூதர்களை ஏற்றிய இடத்தருகே வைக்கப்பட்டிருக்கும் வெற்று இரும்புக் கதிரைகளைப் பார்ப்போம். நேரமிருந்தால் ஸொல்லி பிளாஸ் வரை போய், மக்ஸின் தோழர் குன்னார் சொன்ஸ்டெபி தன் சைக்கிளோடு நிற்கும் சிலையையும் காட்டுவோம். படத்தை முழுமையாகப் பார்த்த பிள்ளைகள் மட்டுமே இதில் சேரலாம். வீட்டில் பார்த்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போதும், பரீட்சை வைக்கமாட்டோம். அன்று 3.30க்கு முன்னர் யாரையும் இடையில் விடமாட்டோம். விழா இருந்தால் முதலே சொல்லிவிட்டு அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள், அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை.

இத்தனையும் எழுதிய பிறகு நன்றி சொல்லாமல் முடிப்பது அழகல்ல. கடைசி வரை இருந்து பிள்ளைகளோடு கதைத்த பெற்றோருக்கும், பின்வரிசைச் சின்னவர்களைப் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கவனித்து வெளியே அழைத்துச் சென்று படம் கீற வைத்த அம்மாமாருக்கும், திரையும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்து பொருத்திய இளையோருக்கும், கதிரை அடுக்கிக் கூட்டித் துடைத்துவிட்டுப் போனவர்களுக்கும் பாடசாலையின் நன்றி. சாப்பாட்டுப் பெட்டியைத் தானாக முன்வந்து தன்னுடையது என்று சொன்ன மாணவருக்கும் நன்றி. அதோடு அந்த விடயம் முடிந்தது, யாரும் அப்பிள்ளையிடம் மேலும் கேட்க வேண்டாம்.

விடுமுறைக்குப் பின்வரும் முதல் சனிக்கிழமை வழமைபோல் காலை 9.30க்கு வகுப்புகள் தொடங்கும். ஒப்புதல் துண்டுகளை அன்றே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்