சபைக் காய்கறித் தோட்டத் திருப்பணி: நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,

ஆலயத்தின் பின்புறம் வெறுமனே கிடந்த இடத்தில் சபைக்கென ஒரு காய்கறித் தோட்டம் போடும் பணி, கர்த்தருடைய கிருபையால் நிறைவேறியது. நாற்றுகள் வேர் பிடித்துவிட்டன. வெண்டை பூக்கத் தொடங்கிவிட்டது. இனி தோட்டம் பராமரிப்புக் குழுவின் கைக்குப் போகிறது. அதற்கு முன், என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

காய்கறிச் செடிகளுக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அதனால் ஆலயச் சுவரின் நிழல் விழும் பகுதியை மட்குக் குழிக்கும் கருவிக் கொட்டகைக்கும் ஒதுக்கிவிட்டு, வெயில் படும் பகுதியில் மட்டும் பாத்தி போட்டோம். மண்ணைக் கிளறியதும் பழைய கட்டட வேலையில் மிஞ்சிய சிமென்டுக் காரையும் செங்கல் துண்டும் வந்துகொண்டே இருந்தன. காரை கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும், செடி சத்தை எடுக்கத் திணறும். வாலிபர்கள் பொறுமையாகச் சலித்து அப்புறப்படுத்தினார்கள். யார் கண்ணிலும் படாத வேலை இதுதான், தோட்டம் நிற்பதும் இதன்மேல்தான். அப்புறம் நன்றாக மட்கிய தொழுவுரம் சேர்த்தோம்.

பாத்திகளை 4 அடி அகலத்துக்கு மேல் போகவிடவில்லை. இரண்டு பக்கமிருந்தும் கை எட்டினால் யாரும் பாத்திக்குள் கால் வைக்க வேண்டாம், மண்ணும் இறுகாது. சக்கர நாற்காலி போகுமளவு 3 அடியில் ஒரு பாதையும், குனிய முடியாத பெரியவர்களுக்காக இடுப்பு உயரத்தில் ஒரு மேடைப் பாத்தியும் அமைத்திருக்கிறோம். அந்தப் பாத்திதான் இப்போது எல்லாவற்றிலும் களையில்லாமல் இருக்கிறது!

தன்னார்வலர்களைத் திரட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அடுத்த பணிக்கும் உதவும். நடவு நாளுக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமில்லை, எல்லாரும் ஆசையாக வருவார்கள். நட்ட நாற்று பிழைப்பதும் வாடுவதும் அடுத்த இரண்டு மூன்று வாரத் தண்ணீரில்தான் இருக்கிறது. ஆகவே தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியல் நிரம்பிய பிறகே நடவுத் தேதியைக் குறித்தோம். ‘உதவ விரும்புவோர் வரலாம்’ என்று பொதுவாக அறிவிப்பதோடு விடாமல், ஒவ்வொருவரிடமும் நேரில் போய், இன்ன கிழமை, இன்ன நேரம், இன்ன வேலை என்று கேட்டோம். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆள். வெயிலில் நிற்க முடியாதவர்கள் குழித்தட்டில் விதை போட்டார்கள், பெயர்ப்பலகை எழுதினார்கள், முறைக்காரர்களுக்கு முந்தின நாளே போன் செய்து நினைவுபடுத்தினார்கள்.

நடவு மாலையில் நடந்தது. இளம் நாற்று இரவுக் குளிர்ச்சியில் நிலைகொள்ளட்டும் என்பதற்காக. வயதான அம்மா ஒருவர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து, “தண்டைப் பிடிக்காதீங்க கண்ணு, இலையைப் பிடிங்க. இலை போனா வேற துளிர்க்கும், தண்டு நசுங்கினா செடியே போச்சு” என்று சொல்லி, வேரைச் சுற்றி இரண்டு விரலால் மண்ணை அழுத்திக் காட்டினார். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றாகவும், வெண்டையும் அவரையும் நேரடியாக விதையாகவும் போட்டிருக்கிறோம். அடுத்த பருவத்தில் தக்காளி இருந்த இடத்தில் அவரை வர வேண்டும். அதன் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

விளைச்சலைப் பற்றிப் பலரும் கேட்டீர்கள். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது லேவியராகமம் 23:22. அதன்படி வாசலை ஒட்டிய ஓரப் பாத்திகளைச் சபையார் யாரும் பறிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தேவைப்படுகிறவர் யாரிடமும் கேட்காமல் பறித்துக்கொள்ளலாம். மற்றப் பாத்திகளின் காய்களை உழைத்தவர்களும் நோயுற்றோர் வீடுகளும் பகிர்ந்துகொள்வார்கள். விற்பனை கிடையாது.

வரவு செலவு விவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ரசீதுகளைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கொட்டகைச் சாவியையும் கருவிப் பட்டியலையும் பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைக்கிறோம். விடுமுறைக் காலத் தண்ணீர் முறையில் இன்னும் சில இடங்கள் காலி, அன்றே பெயர் கொடுங்கள். அவரைப் பந்தலுக்கு நீளக் கம்புகளும் தேவை. வீட்டில் சும்மா கிடந்தால் கொண்டுவாருங்கள்.

கர்த்தரின் பணியில்,
தோட்டத் திருப்பணிக் குழு