கேள்வியை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்: டெல்டா மாவட்டத் தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரலில் உங்களில் ஒருவருடைய பள்ளியில் என் மகன் ஆறாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வு எழுதினான். ஐம்பதுக்குப் பதினொன்று. இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தத் தாளாளர் இதைப் படித்தால் அவருக்கே தெரியும். மற்றவர்களிடம் நான் கேட்க வேண்டியதும் அதேதான் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தருகிற கற்றல் குறைபாடு. நீங்கள் பள்ளி நடத்துகிறவர்கள், அதற்குமேல் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தார். "பையன் மக்கு இல்லைங்க, எழுத்துதான் அவனுக்குப் பிடிபட மாட்டேங்குது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். எட்டு வயது நிறைந்த பிறகுதான் சான்றிதழ் தருவார்கள் என்பதால் காத்திருந்து, பாபநாசத்துக்கும் தஞ்சாவூருக்குமாக அலைந்து, சோதனைகளெல்லாம் முடித்துச் சான்றிதழ் வாங்கினோம். அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தேன். கூடவே ஒரு பக்கக் கடிதம்: இவனுக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள், அது முடியாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வியை மட்டும் யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

அலுவலகத்தில் கிடைத்த பதில்: "அந்தச் சலுகையெல்லாம் பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்குத்தான் மேடம். இது எங்க ஸ்கூல் டெஸ்ட்."

அந்தத் தேர்வுக்கு அவன் எப்படித் தயாரானான் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு மாதம், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். முறத்தில் நெல்லைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் தஞ்சாவூரில் ஒரு சிறப்பாசிரியரிடம் போவோம். அவர் சொல்லிக்கொடுத்த முறை அது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாகச் சன்னல் வெட்டிக் கொடுத்தார். அதைப் புத்தகத்தின்மேல் வைத்து நகர்த்திப் படித்தால் வரிகள் ஒன்றோடொன்று கலக்காது.

தமிழ் எழுத்து நமக்குப் பழகிவிட்டதால் அதிலுள்ள கஷ்டம் தெரிவதில்லை. 'கொக்கு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் காதில் விழுவது 'க்'. ஆனால் எழுதும்போது முதலில் போட வேண்டியது ஒற்றைக்கொம்பு. அப்புறம் க. அப்புறம் கால். காதில் கேட்ட வரிசை ஒன்று, கையில் வர வேண்டிய வரிசை வேறு. என் மகன் ககரத்தை முதலில் எழுதிவிட்டு, கொம்புக்கு இடம் இல்லாமல் அதன் தலையில் இடித்துப் போடுவான். 'கௌ'வில் வருகிற கொம்புக்காலும் 'வெள்ளம்' என்பதில் வருகிற ளகரமும் ஒரே உருவம். எது எங்கே எழுத்து, எங்கே குறி என்று அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்பது தினசரிப் போராட்டம். கொம்புகளுக்கெல்லாம் சிவப்புப் பென்சில் போட்டுப் போட்டு, தைப்பொங்கல் வாக்கில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்தான். அன்றைக்கு அவன் தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் எதுவும் பேசவில்லை.

ஆனால் அந்த வேகம் போதாது. மற்றப் பிள்ளை ஒரு நிமிடத்தில் வாசிப்பதை இவன் நான்கு நிமிடத்தில் வாசிப்பான். அறிவு அதே அறிவுதான்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவனின் வலது கைச் சுட்டுவிரல் முழுக்கப் பென்சில் கரி. நான் கேட்டதால் விடைத்தாளைக் காட்டினார்கள். கணக்குப் பகுதியில் முதல் கேள்விக்கு நேரே தாள் ஓட்டையாகியிருந்தது, அழித்து அழித்து. தமிழ்ப் பத்தியில் எல்லாப் பிழைகளுக்கும் சிவப்பு வட்டம். எண்ணினேன், பத்தொன்பது. மேலே ஒரு வார்த்தை: 'கவனக்குறைவு'.

அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. ஆறு மாதமாக நெல்லில் விரல் தேயத் தேய எழுதியவனைப் பார்த்துக் கவனக்குறைவு என்று எழுதிய அந்த ஆசிரியரின்மேல் எனக்குக் கோபமில்லை. மேசைமேல் இருந்த விண்ணப்பத்தையும் சான்றிதழையும் என் கடிதத்தையும் அவரிடம் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுக்காதவர்கள்மேல்தான் கோபம்.

கேள்வித்தாளை அவனிடமே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கும்பகோணத்தில் பஸ் ஏறியதும் அந்த முதல் கணக்கை அவனுக்கு நான் வாசித்தேன். ஒரு விவசாயி ஆறு ஏக்கரில் ஏக்கருக்கு 28 மூட்டை வீதம் அறுவடை செய்கிறார், விதைக்கும் வீட்டுக்குமாகப் பதினைந்து மூட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கிறார், ஆளுக்கு எத்தனை? பஸ் தாராசுரத்தைத் தாண்டவில்லை. "அம்பத்தொண்ணு" என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். அப்புறம், "அந்த மிஸ் ஒரே ஒரு தடவை படிச்சுக் காட்டியிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேம்மா" என்றான்.

எங்கள் வீட்டில் அவனுக்குக் கணக்கு வாத்தியார் அவன் தாத்தாதான். மூன்றே கால் மா நிலத்தில், மாவுக்கு எட்டு மூட்டை என்றால் எத்தனை, இருபது மா ஒரு வேலி என்றால் அரைக்கால் வேலிக்கு எத்தனை மா என்று வரப்பில் நடந்துகொண்டே கேட்பார். இவன் காகிதம் கேட்டதே இல்லை. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று உங்கள் தேர்வு முடிவு கட்டிவிட்டது.

நான் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். குறுவைக்கும் சம்பாவுக்கும் பயிர்க்கடன் வாங்க வருகிறவர்களில் கைநாட்டு வைக்கிறவர்கள் இன்னமும் உண்டு. படிவத்தில் என்ன இருக்கிறது என்பதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ரேகை வாங்குவோம். நாற்பது வருடம் விவசாயம் செய்தவரைப் பார்த்து, படிவத்தைப் படிக்கத் தெரியவில்லை, அதனால் உமக்கு விவசாயம் தெரியாது என்று நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. வாசித்துக் காட்ட இரண்டு நிமிடம் ஆகும். அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

சட்டமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் டிஸ்லெக்சியா பெயரோடு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று 17-ஆம் பிரிவு பேசுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மட்டும் என்று அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. பொதுத்தேர்வில் நம் அரசே இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது, எழுதித் தர ஆள் தருகிறது, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் தருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுப்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் மறுக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு வரை போய்ச் சேர்ந்தால்தானே அவன் அந்தச் சலுகையை வாங்க முடியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்காகப் பிள்ளைகளைச் சோதித்து வடிகட்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் தடை போட்டிருக்கிறது. முதல் தடவைக்கு 25,000 ரூபாய், அடுத்து ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கும் தெரியும். நான் சொல்லும் பள்ளி சிறுபான்மைப் பள்ளி அல்ல. 'நிலை அறியும் தேர்வு', 'அறிமுகத் தேர்வு' என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு, மதிப்பெண் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வைத்தால் கிராமத்துப் பிள்ளைகள் அடிபட்டுப் போவார்கள் என்று 2006-இல் சட்டம் கொண்டுவந்து அதை ஒழித்த மாநிலம் இது. பன்னிரண்டாவது முடித்தவனுக்கு நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று ஊரெல்லாம் பேசுகிறோம். ஐந்தாவது முடித்தவனுக்கு மட்டும் எப்படி வைக்கிறோம்? ஒவ்வொரு மே மாதமும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நூறு சதவீதத் தேர்ச்சி என்று பிளெக்ஸ் கட்டுகிறீர்கள். வாசலிலேயே வடிகட்டிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் பின்தங்குகிறவர்களுக்கும் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு எடுக்கிற நூறு சதவீதத்தில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று ஒரு தாய் கேட்டால், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நான் வழக்குப் போட வரவில்லை. என் மூத்த மகள் அதே பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அக்காவும் தம்பியும் ஒரே வேனில் போகட்டும் என்று ஆசைப்பட்டேன்.

அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்டார்கள். இதோ, இந்த ஜூனில் அங்கேதான் சேர்த்திருக்கிறேன், மரியாதையோடு சேர்த்துக்கொண்டார்கள், சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். என் மகனின் கதை அதோடு ஒருவிதமாகச் சரியாகிவிட்டது. ஆனால் இந்த மடலை எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம், அன்றைக்குத் தேர்வு அறையிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளில் அப்படிச் சிரமப்பட்டது அவன் ஒருவன் மட்டுமல்ல என்பதுதான். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் குழந்தை, புங்கமரத்தடியில் தன் அப்பாவிடம், "கேள்வியே முடியலப்பா" என்று அழுதுகொண்டிருந்தாள். அந்த அப்பா அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். சேர்க்கைத் தேர்வே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுதான் சட்டப்படி சரி. அதுவரைக்கும், அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: 'பிள்ளைக்கு வாசிப்பதில் சிரமம் உண்டா?' உண்டு என்று எழுதுகிற பிள்ளைக்கு ஒரு தனி அறை, ஒரு மணி நேரத் தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் ஒரு ஆசிரியர். அவர் விடை சொல்ல வேண்டாம், குறிப்பும் தர வேண்டாம். கேள்வியை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். சான்றிதழ் இல்லாத பிள்ளை கேட்டாலும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தத் தனி அறைக்கு ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். தேர்வு நாளன்று சங்கத்தில் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நான் வாசித்துக் காட்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு தாய்