ட்ரோன் பழகச் சமவெளியில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாளில் ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் போனால், யாராவது ஒருவர் புது ட்ரோன் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வாங்கின கையோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருப்பார்கள். பக்கத்தில் குழந்தைகள், செல்ஃபி எடுப்பவர்கள், மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு நடுவிலேயே முதன்முதலாக அதை மேலே ஏற்றுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழக ஓர் இடம் இருந்தால் ஏன் அங்கே வந்து பழகப்போகிறார்கள்? சேலத்தில் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இருப்பது அயோத்தியாப்பட்டணம் பக்கம். பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன்தான் எனக்கு ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இத்தனை வருடம் போஸ்ட்டில் ஏறிப் பார்த்த ஊரை, தரையில் நின்றபடியே அதைவிட உயரத்திலிருந்து பார்க்கிறேன். ஜருகுமலையும் சேர்வராயன் மலையும் ஒரே படத்துக்குள் வந்து நிற்கும்போது கிடைக்கிற சந்தோஷம் பெரியது. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சட்டமும் பழகுகிறவர்களுக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமும் அதற்குக் குறைவான எடையும் உள்ள நானோ ட்ரோனை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ள மைக்ரோ ரகத்துக்கும், தொழிலுக்காக இல்லாமல் பொழுதுபோக்காக ஓட்டினால் தேவையில்லை. (கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவும்.) பறக்கும் பகுதிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். அதற்கும் நெருங்கினால் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. எந்த இடம் எந்த மண்டலம் என்பதை மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். மண்டலங்கள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புகிற அன்றே பார்ப்பது நல்லது. 2023 அக்டோபரில் நம் விமான நிலையத்துக்குத் திரும்பவும் பயணிகள் விமானம் வர ஆரம்பித்த பிறகு, ஓமலூர், கமலாபுரம், கருப்பூர் பக்கம் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சான்றிதழ் வேண்டாம் என்றால் கற்கவே வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கற்காதவர் ஓட்டுவதற்கு நம் மாவட்டத்திலேயே மிக மோசமான இடம் ஏற்காடு மலை விளிம்பு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, உயரக் கணக்கு. திரையில் காட்டுகிற உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து அளந்த உயரம். அதற்குக் கீழே அந்த நேரத்தில் இருக்கும் தரைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. லேடீஸ் சீட்டிலிருந்து கிளப்பி 30 மீட்டர் உயரத்தில் நேராகச் சேலத்தைப் பார்த்து விட்டீர்கள் என்று வையுங்கள். திரையில் 30 என்றுதான் இருக்கும். ஆனால் கீழே மலை சரிந்து இறங்கிக்கொண்டே போகும். கொஞ்ச தூரத்திலேயே தரையிலிருந்து 120 மீட்டர் என்ற எல்லையைத் தாண்டியிருப்பீர்கள், தெரியவே தெரியாது. மலைப்பக்கமாகத் திரும்பினால் இதற்கு நேர்மாறு: அதே 30 மீட்டர் என்று காட்டிக்கொண்டே போய் ஏறுசரிவில் முட்டும்.

அடுத்தது சிக்னல். பள்ளத்தாக்கை நன்றாகப் படம் பிடிக்கலாம் என்று விளிம்புக்குக் கீழே ட்ரோனை இறக்குகிறார்கள். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் நடுவில் பாறை வந்தால் சிக்னல் அறுந்துவிடும். அறுந்தால் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் திரும்பி வரும் உயரத்தை முன்கூட்டியே நாம்தான் சரியாக வைக்க வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் எவ்வளவு உயரம் என்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 20 மீட்டர் என்று வைத்துவிட்டுப் போனால், அது திரும்பி வருகிற வழியில் ஏதாவது ஒரு மரத்தின் உச்சியில்தான் உட்காரும். அங்கிருந்து யார் எடுப்பது? தோட்டத்து ஆட்களை ஏறச் சொல்லிக் கெஞ்சுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பொழுதுபோக்குப் பொருளுக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கச் சொல்வது எந்த வகையிலும் சரியில்லை.

மூன்றாவது காற்று. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, பள்ளத்திலிருந்து காற்று மேலே அடிக்கும். ட்ரோன் ஜி.பி.எஸ். பிடியில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், ஆனால் அப்படி நிற்பதற்கே பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். காற்று தள்ளுகிற திசையில் போவது சுலபம். திரும்பும்போதுதான் வேகம் குறையும், பேட்டரி இறங்கும். அதனால்தான் பழகினவர்கள் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புவார்கள். முதல் நாள் வருபவருக்கு இதை யார் சொல்வது?

இதெல்லாம் போக, மலையைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதன் மேல் பறக்கவிடக் கூடாது. அந்தச் சத்தம் காட்டெருமைக் கூட்டத்தை மிரள வைத்தால், சாலையில் பைக்கில் போகிறவருக்கும் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கும்தான் ஆபத்து. கீழே கன்னங்குறிச்சி மூக்கனேரியும் அப்படித்தான். அங்கே தீவுத் திட்டுகளில் பறவைகள் தங்குகின்றன, அங்கேயும் வேண்டாம்.

சரி, எப்படிப் பழகுவது? திறந்த சமதரை, அதிகாலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். நாலு செங்கல்லைச் சதுரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ட்ரோனின் பின்பக்கம் நம்மைப் பார்க்கும்படி, தலை உயரத்துக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில் நிறுத்தப் பழக வேண்டும். அப்புறம் செங்கல்லுக்குச் செங்கல் மெதுவாக நகர்த்த வேண்டும். இது வந்த பிறகுதான் அசல் பாடம்: ட்ரோனை நம்மைப் பார்த்துத் திருப்பினால் இடது வலது மாறிவிடும். ரிமோட்டில் இருக்கும் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அது நமக்கு இடப்பக்கம் போகும். பதற்றத்தில் கை இன்னும் வேகமாகத் தவறான பக்கம் தள்ளும். "மாமா, ட்ரோன் எங்க இருக்குன்னு பாக்காதீங்க, அதோட மூஞ்சி எங்க இருக்குன்னு பாருங்க" என்று அக்கா மகன் சொல்வான். நீங்களே அதற்குள் உட்கார்ந்து ஓட்டுவதாக நினைத்துக்கொண்டால் கை தானாகச் சரியாகப் போகும். எட்டு போட வந்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

ஜி.பி.எஸ். இல்லாத சின்ன ட்ரோனில் முதலில் பழகுவதுதான் நல்லது என்பது என் கருத்து. தானாக நிற்கிற விலை உயர்ந்த ட்ரோன் கையைச் சோம்பேறியாக்கிவிடும். என்றைக்காவது ஜி.பி.எஸ். பிடிக்காமல் அது மிதக்க ஆரம்பிக்கும்போது கைக்கு ஒன்றும் தெரியாது. வெளிநாட்டுத் தயாரிப்பு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. யாராவது கொண்டுவந்து கொடுத்ததை உடைத்துக்கொண்டால் இங்கே ரிப்பேருக்கு அலைய வேண்டியிருக்கும், அதையும் யோசியுங்கள். இறக்கை மாற்றும்போது குறியைப் பார்த்து மாட்டுங்கள். நாலில் இரண்டு ஒரு பக்கமும் மற்ற இரண்டு எதிர்ப்பக்கமும் சுற்றும். மாற்றி மாட்டினால் கிளம்பும்போதே கவிழும். லித்தியம் பேட்டரியை நம் ஊர் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் போட்டு வைக்கவே கூடாது. உப்பிய பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போடவும் கூடாது. அது தீப்பிடிக்கும்.

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ட்ரோன் கேமராவில் மின்கம்பி சரியாகத் தெரியாது. தடை கண்டால் நிற்கும் சென்சார் உள்ள ட்ரோன்கூட மெல்லிய கம்பியைத் தவறவிடும். எங்களைப் போல நீங்களும் போஸ்ட்டைத்தான் பார்க்க வேண்டும். ஒரு போஸ்ட் தெரிந்தால் அடுத்த போஸ்ட்டைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் இருக்கும் போஸ்ட்டிலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியும் இருக்கும். மீறி ட்ரோன் லைனில் மாட்டிக்கொண்டால், தயவுசெய்து தொரட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காய்ந்த மூங்கில் என்றாலும் வேண்டாம். கீழே விழுந்த கம்பி பக்கமும் போகாதீர்கள். 94987 94987 என்ற மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்) எண்ணுக்குச் சொல்லிவிட்டு, ஆட்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை தள்ளி நில்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டவர்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. விமான நிலையத்திலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கமோ ஆட்டையாம்பட்டி பக்கமோ, தலைக்கு மேல் லைன் போகாத ஓர் அரசுப் பள்ளி மைதானம் அல்லது புறம்போக்கு நிலம். ஞாயிற்றுக்கிழமை காலை 6 முதல் 8 மணி வரை மட்டும் போதும். சுற்றிக் கயிறு, பேட்டரி தீப்பிடித்தால் போட ஒரு வாளி மணல், கூட நிற்கப் பழகின இரண்டு பேர். உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டால், ட்ரோனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பயப்படவும் மாட்டார்கள். அதோடு ஏற்காடு அடிவாரம் சோதனைச் சாவடியில் ஒரு பலகை வையுங்கள்: மலையில் எங்கெங்கே பறக்கவிடக் கூடாது, பழக எங்கே போகலாம் என்று இரண்டையும் சேர்த்து. 'கூடாது' என்று மட்டும் எழுதினால் மக்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

உங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில், நம் மாவட்டத்தின் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை ஒரு படமாகப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இடம் கிடைத்தால் கயிறு கட்டுவதற்கும், வருபவர்களுக்கு லைன் எங்கே போகிறது என்று காட்டிக்கொடுப்பதற்கும் நான் வாரா வாரம் வருகிறேன். அக்கா மகனும் அவன் நண்பர்களும் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.