குசினியில் காய்ந்த மேளம்

லா கூர்நெவ், பிரான்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று கிழமைக்கு மேலாகிறது. ஐந்து மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று பெரியமாமாவிடம் சொல்லிக் கவலைப்பட்டீர்களாம். பிழை என்னுடையதுதான். வேலைக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது உணவகத்தில் மாலை நேரம் மட்டுமே கூப்பிடுகிறார்கள் என்பதால் பகலில் நல்ல ஓய்வு கிடைக்கிறது. குளிருக்குப் பழைய கோட்டே போதும். பாரிஸில் நம் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் முருங்கையிலை விற்கிறார்கள். வாடியிருந்தாலும் வறைக்கு ஆகும்.

பக்கத்து வீட்டுச் சிலிக்காரரை விசாரித்திருந்தீர்கள். மனிதர் சுகமாக இருக்கிறார், சத்தமும் குறையவில்லை. சனிக்கிழமை காலையில் தொடங்கினால் மத்தியானம்வரை லொஸ் ஹைவாஸ் என்ற தம் நாட்டுக் குழுவின் இசைத்தட்டுகள்தான். முதலில் எனக்கு அது வெறும் இரைச்சலாகவே இருந்தது. காது பழகிய பிறகுதான், மின்கிற்றாரும் றொக் மேளமும் முழங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தீஸ் மலைக்காரரின் கேனாக் குழலும் சரங்கோ என்ற சிறிய நரம்பு வாத்தியமும் இடையில் புகுந்து பாட்டை வேறெங்கோ இழுத்துச் செல்வது விளங்கியது. 1963இல் வீஞ்ஞா தெல் மார் என்ற கடற்கரை நகரத்து விருந்துகளில் ஆட்டப்பாட்டு வாசிக்கத் தொடங்கிய பொடியன்கள் அவர்கள். மூவர் சகோதரர்கள், இருவர் கூட்டாளிகள். 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஆர்ஜென்டீனாவுக்குப் போய், அங்கிருந்து 1977இல் பிரான்சுக்கு வந்து, பாரிஸ் நகரத்துக்குத் தெற்கே ஷத்தனே மலபிரியில் ஒரே வீட்டில் மனைவி பிள்ளைகளோடு எல்லோரும் கூடிச் சீவித்தார்களாம். "அப்படியென்றால் ஒரே குசினியா?" என்று தமிழும் பிரெஞ்சுமாக நான் கேட்டதும் கிழவர் எழும்பி நின்று சிரித்தார். அவர்களுடைய ஸ்பானிய மொழியிலும் அது கொசினாதான். நமக்குப் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது, சப்பாத்தும் அப்படியே.

அந்த வீட்டுக் காலத்தில்தான் சிலிக் கவிஞர் நெருடா மச்சு பிச்சு என்ற பழைய மலைநகரைப் பாடிய கவிதைக்கு அவர்கள் இசையமைத்தார்கள். இசைத்தட்டு 1981இல் வந்தது. இந்த நெருடா 1929இல் கொழும்பில் சிலியின் கொன்சலாக இருந்து, நம் சித்தி இருக்கும் வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருந்தவர். அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தான் செய்த அநியாயத்தை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். அதைக் கிழவரிடம் சொன்னேன். அன்று அவர் அந்த இசைத்தட்டை மறுபடி போடவில்லை.

போன கிழமை மழை ஈரத்தில் அவருடைய பொம்போவின் தோல் தளர்ந்துவிட்டது. மரத்தைக் குடைந்து, உரோமம் சிரைக்காத ஆட்டுத்தோல் போர்த்திய மேளம் அது. அவர் வீட்டு ஹீற்றர் பழுதாகிக் கிடப்பதால் என் குசினிக்குத் தூக்கி வந்து, அடுப்புக்கு எட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினார். தோல் மணம் எழும்பியது. அப்பாவின் செத்தவீட்டன்று பெரியமாமா தொலைபேசியை முற்றத்துப் பக்கம் பிடித்தபோது, பறை காய்ச்ச எரித்த ஓலையின் சடசடப்புத்தான் எனக்கு முதலில் கேட்டது. மணம் தொலைபேசியில் வராதே, அம்மா. கிழவர் என் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் காயவேண்டும் என்றார்.

ஆட்டைத்திவசத்துக்கு ஐயரிடம் நாள் கேட்டு எழுதுங்கள். சீட்டு அடுத்த மாதம் என் முறைக்கு வருகிறது, எடுத்தவுடன் காசு அனுப்புகிறேன். அதுவரை பெரியமாமாவிடம் கைமாற்றாக வாங்குங்கள். தங்கச்சியின் சங்கிலியை மட்டும் அடகு வைக்க வேண்டாம். கிணற்றடி வேலியைச் சித்தப்பா ஒரு முழம் உள்ளே தள்ளி அடைத்திருப்பது உண்மையென்றால், அவரோடு வாய் கொடுக்காமல் காணி உறுதியை விதானையாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உறுதி அலுமாரியில், அப்பாவின் வேட்டிகளுக்குக் கீழே இருக்கிறது.

அன்பு மகன்,
மூத்தவன்